அறைக்கு எத்தனை வாட் வேண்டும்?

நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஆய்வு உதவித்தொகையின் நிலுவை மொத்தமாக வந்து சேரும் மாதங்களில் ஆய்வாளர் விடுதிகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: அறையில் பாட்டுக் கேட்க எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம்? கேட்பவர்கள் பொருளியலிலும் உயிரியலிலும் மொழியியலிலும் ஆய்வு செய்பவர்கள். தம் துறையில் ஓர் அட்டவணையைக் கண்டால், இந்த எண் எவ்வாறு அளக்கப்பட்டது, எந்த நிபந்தனையில் அளக்கப்பட்டது என்று கேளாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதவர்கள். அவர்களே, உள்ளங்கையளவுப் பெட்டியின் மேல் '300 வாட்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் ஒரு கேள்வியும் இல்லாமல் பணத்தைச் செலுத்திவிடுகிறார்கள். 2023இல் உயர்த்தப்பட்ட பிறகும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்தான். அதில் ஒரு பகுதியைச் சேமித்து இசைக்கென்று ஒதுக்குபவரின் பணம் வீணாகக் கூடாது என்பதே இப்பதிவின் அக்கறை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கையறையில் ஆம்ப்ளிஃபையர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு வாட்டுக்கும் குறைவான திறனில்தான் கழிக்கிறது. ஆகவே பெட்டியின் மேல் உள்ள வாட் எண்ணைக் கொண்டு அதைத் தேர்ந்தெடுப்பது பொருளற்றது. மிகக் குறைந்த ஒலியளவில் அது எவ்வளவு அமைதியாக, எவ்வளவு வசதியாக, எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதே அளவுகோலாக வேண்டும். மிஞ்சும் பணம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நம் பாடநூல்கள் 'பெருக்கி' என்றழைக்கும் ஆம்ப்ளிஃபையரின் வேலை எளியது. மூலத்திலிருந்து வரும் ஏறத்தாழ 2 வோல்ட் சைகையை, ஸ்பீக்கரை இயக்கப் போதுமான மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உயர்த்தித் தருவது. எவ்வளவு போதும் என்பதை ஸ்பீக்கரின் உணர்திறன் எண் சொல்லும். சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு அது 86 டெசிபல் அளவில் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் ஒலி என்பது அதன் பொருள். தொலைவு இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆக, கட்டிலில் சாய்ந்து இரண்டு மீட்டர் தொலைவில் கேட்பவருக்கு ஒரு வாட்டில் கிடைப்பது 80 டெசிபல். சுவர்களின் எதிரொலிப்பும் இரண்டாவது ஸ்பீக்கரும் சேர்க்கும் கூடுதலை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அறையில் நிம்மதியாகக் கேட்கும் சராசரி அளவு 70 டெசிபல் என்று கொள்வோம். அது 80ஐ விடப் பத்து டெசிபல் குறைவு. பத்து டெசிபல் குறைவு என்றால் திறனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 வாட். இசையில் உச்சங்கள் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் அடி சராசரியிலிருந்து 15 அல்லது 20 டெசிபல் மேலே எழலாம். 20 என்றே வைத்துக்கொள்வோம். 90 டெசிபல் வேண்டும், அதற்கு 10 வாட் போதும். பாதுகாப்புக்காக இரண்டு மடங்காக்கினாலும் 20 வாட்தான்.

50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒலி இரு மடங்கு பலமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் தேவை. நம் செவி மடக்கை அளவில் கேட்கிறது. விலையோ அந்த அளவில் ஏறுவதில்லை.

கேட்பவரின் காதும் பக்கத்து அறையும்கூட இக்கணக்கில் உண்டு. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் என்பது வாரத்துக்கு 40 மணி நேர எல்லை. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணிக்குப் பின் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. செங்கல் சுவர் ஒன்றே இடையில் நிற்கும் விடுதியில், தாழ்ந்த அதிர்வெண்கள் சுவரை மிக எளிதாகக் கடக்கின்றன. நூறு வாட்டைப் பயன்படுத்தும் வாய்ப்பு அங்கே யாருக்கும் இல்லை.

பெட்டியின் மேல் உள்ள எண்

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துகள் நினைவிருக்கும். கணினியோடு வந்த சிறு ஸ்பீக்கர்களும் டேப் ரெக்கார்டர்களும் ஆயிரக்கணக்கான வாட் என்று தம்மைப் பறைசாற்றிக்கொண்ட காலம் அது. அந்த அளவீட்டுக்குப் பொதுவான வரையறை எதுவும் இல்லை. ஆளுக்கொரு முறையில் கணக்கிட்டார்கள். இத்தகைய எண் விளையாட்டைக் கண்டுதான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974லேயே ஒரு விதி கொண்டுவந்தது: வாட் எண்ணைச் சொல்பவர், அது எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று இணையக் கடைகளில் குவிந்திருக்கும் சிறு ஆம்ப்ளிஃபையர்களை எடைபோட ஆய்வகம் தேவையில்லை. அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் போதும். 19 வோல்ட், 4.74 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 90 வாட். உள்ளே செல்வது 90 வாட் என்றால் வெளியே 300 வாட் தொடர்ந்து வராது. ஆற்றல் அழிவின்மை விதி கடைக்காரருக்காகத் தளர்வதில்லை. கணநேர உச்சங்களுக்கு உள்ளிருக்கும் மின்தேக்கிகள் கைகொடுக்கும். தொடர் திறனை அவற்றால் உண்டாக்க இயலாது.

மின்னழுத்தமும் ஓர் எல்லை வகுக்கிறது. 24 வோல்ட் அடாப்டரில் இயங்கும் பெட்டி, மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று உள்ளே இல்லாதவரை, 24 வோல்ட் உச்சத்துக்கு மேல் சைன் அலை தர இயலாது. அதன் சராசரி இருமடி மூலம் சுமார் 17 வோல்ட். அதை இருமடியாக்கி 8 ஓமால் வகுத்தால் 36 வாட். இழப்புகள் போகச் சுமார் 30. அதற்கு மேல் அச்சிடப்பட்ட எண் பெரும்பாலும் 4 ஓம் சுமையில், 10 சதவீதத் திரிபில் அளந்ததாக இருக்கும். பத்து சதவீதத் திரிபு என்பது பாடகரின் குரல் கரகரக்கும் நிலை. அதை யாரும் இசை என்று கேட்பதில்லை.

கவனியுங்கள்: அந்த 30 வாட்டே நம் அறைக்குத் தாராளம். ஆக அந்தச் சிறு பெட்டி பெரும்பாலும் மோசமான பொருளல்ல. அதன் மேலுள்ள எண்ணை நம்பி, அதற்கு மேலும் பெரிய எண்ணைத் தேடி நாம் ஓடுவதில்தான் சிக்கல்.

ஆம்ப்ளிஃபையருக்கு ஆம்ப்ளிஃபையர் ஒலி வேறுபடுமா?

விமர்சனக் காணொளிகளில் 'இதன் குரல் வெதுவெதுப்பானது', 'அதன் மேடை அகலமானது' என்று கேட்கிறோம். இக்கூற்றுகளைச் சோதிக்க முடியும்; சோதித்தும் இருக்கிறார்கள். 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்ற அமெரிக்க இதழ் 1987 ஜனவரியில் வெளியிட்ட சோதனை பெயர்பெற்றது. இருநூறு டாலர் சொச்சம் விலையுள்ள ரிசீவர் முதல் பத்தாயிரம் டாலருக்கும் மேற்பட்ட வால்வு ஆம்ப்ளிஃபையர் வரை எடுத்துக்கொண்டு, ஒலியளவைத் துல்லியமாகச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். வேறுபாடு உண்டு என்று உறுதியாக நம்பியவர்களும் குழுவில் இருந்தார்கள். விடைகள் நாணயம் சுண்டிப் பெறும் விடைகளை விடச் சிறப்பாக இல்லை.

எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒன்றே என்று இதற்குப் பொருளில்லை. வேறுபாடு கேட்கும் சூழல்கள் உண்டு, அவற்றுக்குக் காரணங்களும் உண்டு. திறன் எல்லையைத் தாண்டி ஓட்டினால் கேட்கும். இரைச்சல் அதிகமிருந்தால் கேட்கும். மலிவான 'டி' வகுப்பு ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றில் வெளியீட்டு வடிகட்டி பின்னூட்ட வளையத்துக்கு வெளியே இருக்கும். அப்போது ஸ்பீக்கரின் மின்மறுப்பு மாறுவதற்கேற்ப உச்ச அதிர்வெண்கள் கூடவோ குறையவோ செய்யும். வடிகட்டிக்குப் பின்னிருந்து பின்னூட்டம் எடுக்கும் வடிவமைப்பில் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது. இவையெல்லாம் அளக்கக்கூடியவை. 'வெதுவெதுப்பு' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்பவரிடம், உங்கள் ஆய்வேட்டை மதிப்பிடுபவர் உங்களிடம் கேட்கும் கேள்வியையே கேளுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலாவது, இரைச்சல். எதுவும் ஒலிக்காதபோது ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் 'ஸ்ஸ்' ஒலி. மேலே சொன்ன ஸ்பீக்கரில் இந்த இரைச்சல் 0.1 மில்லிவோல்ட் என்றால் ஒரு மீட்டர் தொலைவில் செவிக்கு எட்டாது. 1 மில்லிவோல்ட் என்றால் 17 டெசிபல் அளவில் வரும். மின்விசிறி சுழலும்வரை தெரியாது. விசிறி நின்ற குளிர்கால இரவில், தலையணைக்கு அருகில் ஸ்பீக்கர் இருந்தால், தெரிந்துவிடும். பெரிய கூடத்துக்கான ஆம்ப்ளிஃபையரை அறையில் வைத்தால் தேவைக்கு மீறிய பெருக்கத்தோடு மூலத்தின் இரைச்சலும் பெருகும்.

இரண்டாவது, ஒலியளவுக் குமிழ். பெருக்கம் மிகுந்த ஆம்ப்ளிஃபையரில் கடிகாரத்தின் ஏழு மணி நிலைக்கும் எட்டு மணி நிலைக்கும் இடையிலேயே நம் கேட்பு முழுதும் முடிந்துவிடும். மலிவான குமிழ்களில் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடது வலது சேனல்களின் சமநிலை குலைகிறது; பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பார். குமிழ் பாதி தூரம் திரும்பியபின்தான் அறை நிறைகிறது என்றால் அதுவே அறைக்கேற்ற ஆம்ப்ளிஃபையர்.

மூன்றாவது, பாஸ், டிரெபிள் குமிழ்கள். இவற்றைப் பாவம் என்று கருதும் தூய்மைவாதம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியது போல, ஒலி குறையக் குறையத் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு நம் செவி மந்தமாகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைச் சில டெசிபலிலேயே உணரும் காது, 50 ஹெர்ட்ஸ் ஒலியை 40 டெசிபலைத் தாண்டினால்தான் உணர்கிறது. நள்ளிரவில் மெல்லக் கேட்கும் இளையராஜா பாடலில் பேஸ் கிடார் காணாமற்போவது இதனால்தான். அதைச் சற்றே உயர்த்திக்கொள்வது இசையமைப்பாளருக்கு நாம் செய்யும் நியாயம்.

நான்காவது, வெப்பமும் ஹம்மும். 'டி' என்பது டிஜிட்டல் என்பதன் சுருக்கமன்று. 'சி'க்கு அடுத்து வந்த வகுப்பு, அவ்வளவே. அதன் பயனுறுதிறன் 90 சதவீதம்வரை எட்டும். 'ஏ' வகுப்போ சும்மா இருக்கும்போதே அடுப்பாகிவிடும். குளிர்சாதனம் இல்லாத அறையில், மே மாதத்தில், இது சிறு விஷயமன்று. ஹம் என்பது பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரின் குற்றமும் அன்று. மடிக்கணினியை மின்னேற்றியோடு இணைத்தவுடன் எழும் ரீங்காரத்துக்கு எர்த் இணைப்பே பெரும்பாலும் காரணம். புளூடூத் அல்லது ஆப்டிகல் வழியாக இணைத்தால் அந்த வழி அடைபடும். அடாப்டரில் பி.ஐ.எஸ். குறியீடு இருக்கிறதா என்பதை வாட் எண்ணுக்கு முன்பே பாருங்கள். இரவு முழுதும் செருகிக் கிடக்கப்போவது அதுதான்.

மென்பொருளை வெளியே வையுங்கள்

ஸ்ட்ரீமிங் வசதியும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் இருந்தால் அழகு, நானும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஆயுள் ஒன்றல்ல. நன்றாகச் செய்த ஆம்ப்ளிஃபையர் இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கும். பழுதானால் ஊர்ப்புற மெக்கானிக்கே மின்தேக்கியை மாற்றித் தருவார். மென்பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பவர் வேறொருவர். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது. 2019இல் அதன் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால் அக்கருவிகள் சில நாட்கள் செயலிழந்தன. சோனோஸ் நிறுவனம் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு 2020 மே மாதத்துக்குப் பின் புதிய மென்பொருள் இல்லை என்று அறிவித்தது. அப்பட்டியலில் ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய கருவியும் இருந்தது. வன்பொருளில் எந்தக் குறையும் இல்லாமலே ஒரு கருவி முதுமை அடைகிறது.

விடுதிவாசிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்கலைக்கழக வைஃபை பெரும்பாலும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் உள்நுழைவுப் பக்கத்தோடு வருகிறது. 'எடுரோம்' போன்றவை தனிச் சான்று கேட்கின்றன. திரையும் விசைப்பலகையும் இல்லாத ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர்கள் பல அந்த வாசலில் நின்றுவிடும். வீட்டு வைஃபைக்கென்று வடிவமைத்த வசதிக்கு விலை கொடுத்துவிட்டு, விடுதியில் புளூடூத் மட்டுமே பயன்படுத்த நேரிடும்.

மேசையறையில் கிடக்கும் பழைய கைபேசியே நல்ல ஸ்ட்ரீமர். சிம் அட்டையை எடுத்துவிட்டு, ஒரு சிறு யு.எஸ்.பி. ஒலி மாற்றி வழியாக ஆம்ப்ளிஃபையரோடு கம்பியில் இணைத்தால், எந்தச் செயலி மாறினாலும் கவலையில்லை. புளூடூத்தை இழிவாகப் பேசவும் தேவையில்லை. குறுந்தகட்டின் தரவு வேகம் நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் அடிப்படை முறை ஏறத்தாழ 328 கிலோபிட்டில் இயங்குகிறது. காகிதத்தில் வேறுபாடு பெரிது. அறையின் மெல்லொலியில் அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

பணம் போக வேண்டிய இடம்

மூன்று எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபையரில் கேட்கும் அதிர்வெண் எல்லை முழுதும் விலகல் பெரும்பாலும் அரை டெசிபலுக்குள் இருக்கும். நல்ல சிறு ஸ்பீக்கரில் அது கூட்டியோ குறைத்தோ 3 டெசிபல். அறையிலோ தாழ்ந்த அதிர்வெண்களில் 10 டெசிபலையும் தாண்டும். 10க்கு 12 அடி அறையின் இரு பக்கங்களும் சுமார் 56, 47 ஹெர்ட்ஸில் நிலை அலைகளை எழுப்புகின்றன. அந்தச் சுரங்கள் ஓரிடத்தில் இடியாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் கேட்கும். அரை டெசிபலைத் திருத்தப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பத்து டெசிபலைக் கவனியாமல் விடுவது எந்த ஆய்வு முறையிலும் அடங்காது.

அறையைத் திருத்தப் பெரும் செலவும் இல்லை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுப்பது, காதின் உயரத்துக்குத் தூக்கி வைப்பது, கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்துவது, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி வைப்பது. நூறு ரூபாய்கூட ஆகாத இம்மாற்றங்கள், ஆம்ப்ளிஃபையரை மாற்றுவதால் கிடைக்கும் எதையும் விடத் தெளிவாகக் கேட்கும்.

'நாளை பெரிய வீட்டுக்குப் போனால்?' என்பது வழக்கமான எதிர்வாதம். போகும்போது வாங்கிக்கொள்ளலாம். இன்று இல்லாத கூடத்துக்காக இன்றைய உதவித்தொகையைச் செலவிட வேண்டியதில்லை. நல்ல ஸ்பீக்கரை இன்று வாங்கினால் அது அந்த வீட்டுக்கும் உடன்வரும். 'குறைந்த வாட் ஸ்பீக்கரைக் கருக்கிவிடும்' என்பது இன்னொன்று. எல்லை மீறி முழுக்குமிழையும் திருப்பி வைத்தால் அது நடக்கும்; 0.1 வாட்டில் நடக்காது. ஆம்ப்ளிஃபையரை உள்ளடக்கிய ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கினால் இந்தத் தேர்வே தேவையில்லை என்பது நியாயமான கருத்து. இடம் குறைந்தவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஒன்று பழுதானால் இரண்டும் போகும் என்பது மட்டும் அதிலுள்ள இடர். அழகான பொருளின் மேல் ஆசைப்பட்டு வாங்குகிறேன் என்பவரோடு எனக்கு வாதமே இல்லை. அழகுக்கும் விலை உண்டு. அதை ஒலி என்று சொல்லாதவரை சரி.

சுருங்கச் சொன்னால், 8 ஓமில் 20 முதல் 30 வாட் உண்மையாகத் தரும், இரைச்சல் குறைந்த, பாஸ் டிரெபிள் குமிழ்கள் உள்ள, ஆப்டிகல் அல்லது புளூடூத் வசதியோடு கம்பி உள்ளீடும் கொண்ட, திருகாணியால் திறக்கக்கூடிய ஓர் ஆம்ப்ளிஃபையர். மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் அதற்குத் தராதீர்கள். பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குத் தாருங்கள்.

மறுப்பவர்களை வரவேற்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து இரு ஆம்ப்ளிஃபையர்களின் மின்னழுத்தத்தையும் ஒரு சதவீதத்துக்குள் சமப்படுத்துங்கள். எது ஒலிக்கிறது என்று தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றச் சொல்லி 16 முறை கேளுங்கள். வெறும் ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அந்த முடிவோடு வருபவரின் கருத்துக்கு இப்பதிவின் கீழ் முதலிடம் தருவேன்.